கோதுமை படாத மாவு

மாவு மில்லில் வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி ஒட்டியதில்லை, ஆனாலும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அரிசி கொண்டு வந்தவள் அரிசி அரைத்தவளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். கேழ்வரகு கொண்டு வந்தவள் கேழ்வரகுக்குப் பின்னால். ஏனென்றால் முன்னால் அரைத்தவர்களின் மாவு ஒரு கைப்பிடியாவது மெஷினுக்குள் தங்கியிருந்து நம் வாளியில்தான் வந்து விழும். கோதுமைக்குப் பின்னால் அரிசியைப் போட்டால் முறுக்கு சிவந்து போகும், அவ்வளவுதான் என்று ஐம்பத்து நாலு வயது வரைக்கும் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு கைப்பிடி ஒரு பிள்ளையை ஒரு வாரம் படுக்கையில் போடும் என்பது மருமகள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மருமகள் மேலூர்ப் பக்கத்துப் பெண். ஒத்தக்கடையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த ஆறாவது மாதம் அவளுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. தின்றது எதுவும் தங்கவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நான் திருஷ்டி சுற்றினேன், வேப்பிலை அடித்தேன், வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் குலதெய்வம் கீழக்குயில்குடியைத் தாண்டி வயலுக்கு நடுவில் இருக்கிற அம்மன். என் வீட்டுக்காரரின் அண்ணன் தம்பிகள் இன்னும் அங்கேதான் விவசாயம் பார்க்கிறார்கள். ஒருநாள் தனியாகப் பஸ் ஏறிப் போய் அவள் காலடியில் விழுந்தேன். “ஆத்தா, எனக்கு மகள் இல்லை. நீ குடுத்த மகள் இவதான். இவளத் தேத்திக் குடு. இவ கையாலயே மாவிளக்கு எடுக்கச் சொல்றேன்” என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த மாதமே ஒரு டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். கோதுமையில் இருக்கிற ஏதோ ஒரு சத்து இவள் குடலுக்கு ஆகாதாம். சப்பாத்தி, மைதா, ரவை, சேமியா எதுவும் கூடாது. தூசியளவு பட்டாலும் குடல் புண்ணாகிவிடும். மருந்து மாத்திரை கிடையாது, கோதுமையை விட்டால் போதும், பிள்ளை தேறிவிடும் என்றார். அது டாக்டரின் குரல்தான். ஆனால் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

மருமகள் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள். “அத்தை, மதுரையில வாக்கப்பட்டுட்டு பரோட்டா திங்கக் கூடாதுன்னா என்னத்தை அத்தை செய்ய?” என்றாள். உடனே என் மகன் வீரம் வந்தவனாக, “நீ திங்காத பரோட்டாவ நானும் தொட மாட்டேன்” என்று சத்தியம் செய்தான். சத்தியம் மூன்று வாரம் தாங்கியது. நாலாவது வாரம் ஒருநாள் சாயங்காலம் சட்டையை மோந்து பார்த்த மருமகள், “என்ன, இன்னைக்கு ஆபீஸ்ல சால்னா மீட்டிங்கா?” என்று கேட்டாள். அவன் முழித்த முழியைப் பார்த்து அவள் சிரித்தாள் பாருங்கள், பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

வீட்டில் கோதுமை இருந்த டப்பாக்களைக்கூட ஒழித்தேன். பிள்ளை தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. ஆனாலும் மாதத்தில் ஒரு தடவை பழையபடி சுருண்டு படுத்துக்கொண்டாள். எதனால் என்று புரியவில்லை. கடைசியில் அவளேதான் கண்டுபிடித்தாள்.

“அத்தை, இடியாப்பம் சாப்பிட்ட மறுநாள்தான் எனக்கு வருது. அந்த மாவு எங்க அரைச்சீங்க?”

“நம்ம தெரு மில்லுலதான். பச்சரிசி மாவுதானம்மா, அதுல என்ன?”

அவள் என்னோடு மில்லுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவர், பல்பு, தராசு, மில்காரரின் புருவம் எல்லாவற்றிலும் வெள்ளையாக மாவு படிந்திருந்தது.

“என்னக்கா, மருமக இன்ஸ்பெக்டர் மாதிரி பாக்குது?” என்றார் மில்காரர். “நான் ஒவ்வொரு தடவையும் தட்டிக் கூட்டிட்டுத்தான் போடுறேன்.”

“நீங்க நல்லாத்தான் செய்றீங்கண்ணே. ஆனா காத்துலயே கோதுமை பறக்குது” என்றாள் மருமகள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மில் மாவு நின்றது. புதிதாக ஒரு மிக்ஸி வாங்கி அரைத்துப் பார்த்தோம். சலித்தால் பாதி குருணையாக நின்றது. கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் மிக்ஸி புகைந்தது. இடியாப்பத்தை மறந்துவிடலாம். ஆனால் மாவிளக்கை எப்படி மறக்க?

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மாவிளக்கு எடுத்தால், யாருக்காக வேண்டினோமோ அவர்தான் அந்த மாவை முதலில் வாயில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. விளக்கை ஏற்றிக் கும்பிடுவது பாதி, தின்பது மீதி. எங்கள் குடும்பத்தில் ஏழு விளக்கு வைப்பது வழக்கம். அதற்கு நாலு கிலோ மாவாவது வேண்டும். மிக்ஸியால் ஆகாது. பாக்கெட் மாவில் சாமிக்கு விளக்குப் போட மனசு வராது. மில் மாவில் போட்டால் மருமகள் தன் வேண்டுதலையே தான் தின்ன முடியாமல் நிற்பாள். ஏற்கெனவே அந்தப் பிள்ளை எந்தக் கோயிலிலும் கேசரி தின்பதில்லை. புளியோதரையைக்கூட வாயில் வைப்பதில்லை. பெருங்காயத்தில் மைதா கலப்பார்களாம். அவளுக்காகவே ஏற்றுகிற விளக்கிலும் அவள் தள்ளி நிற்க வேண்டும் என்றால் நான் எந்த முகத்தோடு அம்மனைப் பார்ப்பேன்? இப்படியே ஒரு வருஷம் தள்ளிப்போனது.

போன ஆடியில்தான் முடிவெடுத்தேன். “மூணாம் வெள்ளி மாவிளக்கு. அதுக்குள்ள வீட்டுக்கு ஒரு மாவு மெஷின் வாங்கணும்” என்றேன்.

வீட்டுக்காரருக்கு வயரிங் வேலை. மெஷின் என்று சொன்னதும் அவருக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது. “மோட்டாரு ஒரு ஹெச்பி இருக்கணும். செப்புக் கம்பி சுத்தியிருக்கணும். மத்ததெல்லாம் சும்மா தகரம்” என்றார். மகன் போனைத் தடவித் தடவி, வாங்கியவர்கள் எழுதிய நல்லது பொல்லாததை எல்லாம் வாசித்தான். ஒருத்தர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு “இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை” என்று எழுதியிருந்தாராம். எனக்கு ஒரே ஒரு நினைப்புதான்: கல் மெஷினாக இருக்க வேண்டும். கல்லில் அரைத்த மாவுதான் மாவு, அம்மனுக்கு ஏற்றதும் அதுதான் என்று மனதுக்குள் உட்கார்ந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் படிப்புக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்? கல்லைப் பற்றித் தெரியும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வீட்டுக்காரரும் நானும் டவுனுக்குப் போனோம். மாசி வீதிக்கு உள்ளே ஒரு சந்தில் கிரைண்டர், மிக்ஸி விற்கிற பாய் கடை. வீட்டுக்காரருக்குப் பழக்கமான இடம். இடுப்பளவு உயரத்தில், சின்ன அலமாரிக்குச் சக்கரம் வைத்த மாதிரி மெஷின்கள் வரிசையாக நின்றன. மேலே தானியம் போட ஒரு வாய், கீழே மாவு விழ ஒரு டிராயர்.

“வாங்கக்கா, வாங்கண்ணே. எத்தன பேரு வீட்டுல?” என்றார் பாய்.

“நாலு பேரு.”

“என்னென்ன அரைப்பீக?”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு வியாதி என்று கடைவீதியில் நின்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. “அரிசி, கேப்பை, கம்பு. முக்கியமா சாமி காரியத்துக்கு” என்றேன்.

“கோதுமை?”

“வேணாம்.”

“சப்பாத்தியே சாப்பிட மாட்டீகளா? அப்ப கடையில பரோட்டாவா?” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்காரர் அதற்குள் தரையில் ஒருக்களித்துப் படுத்து ஒரு மெஷினின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் முதலில் ஒரு எவர்சில்வர் மெஷினைத் திறந்து காட்டினார். உள்ளே சுற்றுகிற பிளேடு, அதைச் சுற்றி ஓட்டை போட்ட சல்லடைத் தகடு. “எல்லாத்தையும் கழட்டலாம், கழுவலாம், துடைச்சு மாட்டலாம். வீட்டுக்கு இதுதான் தோதுக்கா” என்றார்.

“கல்லு இல்லையா பாய்?”

“இருக்கு. கல்லுல மாவு மெத்துமெத்துன்னு வரும். ஆனா உள்ள தண்ணி காட்டக் கூடாது. பிரஷ்ஷ வச்சுத் தட்டத்தான் முடியும்.”

அவர் சொன்னதில் மெத்துமெத்து வரைக்கும்தான் என் காதில் விழுந்தது. “கல்லே குடுங்க” என்றேன்.

“ஓட்டிக் காட்டுறேன், பாருங்க” என்று அவர் ஒரு டப்பாவைத் திறந்து கையை விட்டார். கோதுமை! நான் ஓடிப்போய் மெஷினின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். “வேணாம் பாய், வேணாம்! போட்ராதீங்க!”

பாய் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார். வேறு ஏதோ வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் தரையிலிருந்து தலையைத் தூக்கி, “விரலு, விரலு” என்றார்.

“சாமி காரியம் பாய். பெட்டி பிரிக்காததா குடுங்க” என்றேன்.

“அப்படிச் சொல்லுங்க. நான் என்னமோன்னு பயந்துட்டேன்” என்று சீல் உடைக்காத பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அரிசி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈர அரிசி கூடாது என்றும் சொன்னார். ஈர மாவில் விளக்குப் போடுவதுதான் வழக்கம். கழுவிக் காயவைத்து அரைத்து, வெல்லப் பாகிலும் நெய்யிலும் பிசைந்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆட்டோவில் வரும்போது பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். ஒரு தூசிக் கோதுமை படாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தாயிற்று என்று அத்தனை பெருமை.

புதன்கிழமை காலையில் நல்ல நேரம் இருந்தது. மருமகளும் மகனும் வேலைக்குப் போன பிறகு, மெஷினை அடுப்படிக்கும் பூசை அலமாரிக்கும் நடுவில் கிழக்குப் பார்த்து வைத்தேன். விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகை சாத்தினேன். வீட்டுக்காரர் சூடம் காட்டினார். புதிதாக ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் நவதானியம் வைத்துத் தொடங்குவது என் பழக்கம். சைக்கிள் வந்தபோதும் செய்தேன், பிரிட்ஜ் வந்தபோதும் செய்தேன். இது தானியம் அரைக்கிற மெஷினே ஆச்சே, இதற்குச் செய்யாமல் வேறு எதற்குச் செய்வது?

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பித்தளைத் தட்டில் கொட்டினேன். சனிக்கிழமை தவறாமல் நவக்கிரகம் சுற்றுகிறவள் நான். ஒவ்வொரு கிரகத்துக்கும் உரிய தானியம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டுச் சொன்னேன்: “சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல்லு, செவ்வாய்க்குத் துவரை...” ஒன்பதையும் சொல்லி முடித்து, ஒரு கை நிறைய அள்ளி மெஷினின் வாயில் போட்டேன். வீட்டுக்காரர் சுவிட்சைத் தட்டினார். குர்ரென்று ஒரு சத்தம். கீழே டிராயரில் பழுப்பும் பச்சையுமாக ஒரு கைப்பிடி மாவு விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் வாயாலேயே சொன்னேன். கோதுமை என்று சொன்னேன். அப்போது அது எனக்குச் சூரிய பகவானாகத்தான் தெரிந்தது, சப்பாத்தியாகத் தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மருமகள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேராக மெஷினிடம் வந்து அதைத் தடவிப் பார்த்தாள். “அத்தை, பொண்ணு மாதிரியே அலங்காரம் பண்ணி வச்சிருக்கீங்க!” என்று சிரித்தாள். பிறகு குனிந்து பக்கத்திலிருந்த பித்தளைத் தட்டைப் பார்த்தாள். மிச்சத் தானியம் அதில் கிடந்தது. சிரிப்பு மெதுவாக நின்றது. ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“அத்தை, இத மெஷின்ல போட்டீங்களா?”

“ஆமாம்மா, மொதப் பூசை...” என்றேன். சொல்லும்போதே அவள் உள்ளங்கையில் இருந்தது எது என்று தெரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் உடனே மெஷினைத் திறந்து கல்லைப் பார்த்தார். கல்லில் வரிவரியாகக் கொத்தியிருந்தது. வரிக்கு வரி மாவு அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தட்டினார், காற்று அடித்தார். போனது போக மிச்சம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் காட்டவும் கூடாது. வேலையிலிருந்து வந்த மகன், “பத்து கிலோ அரிசியப் போட்டு ஓட்டிட்டா எல்லாம் வெளிய வந்துரும்மா” என்றான்.

“வந்துருச்சுன்னு யாரு சொல்லுவா? என் வயிறுதான் சொல்லணும்” என்றாள் மருமகள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டு, “விடுங்க அத்தை. வெள்ளிக்கிழமை விளக்கு எடுப்போம். நான் கண்ணுல ஒத்திக்கிர்றேன். எனக்குப் பழக்கம்தானே” என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழக்கம்தானே என்று சொன்னாளே, அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்காரர் வேறு, “கடையில பொத்திப் பொத்தி மறிச்சவளும் நீதான், வீட்டுக்குக் கூட்டியாந்து தட்டுல வச்சு ஊட்டுனவளும் நீதான்” என்றார். உடனே தன் தலையிலும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, “சுவிட்சப் போட்டது நானு” என்றார். அதற்கு மருமகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நாங்களும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளே சிரிப்பு வரவில்லை.

மறுநாள் வியாழன். கடை திறக்கும்போது மெஷினோடு வாசலில் நின்றோம். பொட்டும் பட்டையும் அழிக்காமல் மெஷின் ஆட்டோவை விட்டு இறங்குவதைப் பார்த்துப் பாய் எழுந்து வந்தார்.

“என்னக்கா, மெஷினுக்குக் கல்யாணம் முடிச்சுக் கூட்டியாந்துட்டீகளா?”

இந்த முறை நான் மறைக்கவில்லை. மருமகளின் வியாதி, என் வேண்டுதல், மில், இடியாப்பம், சூரிய பகவான் எல்லாவற்றையும் கடைவீதியில் நின்றே சொன்னேன். பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

“இத அன்னைக்கே சொல்றதுக்கென்னக்கா? சாமிகிட்ட எதையும் மறைக்க மாட்டீக, கடைக்காரன்கிட்ட மட்டும் மறைப்பீக!” என்றார். “பெட்டி பிரிக்காதது வேணும்னு வாங்கிட்டுப் போனீகளே, கம்பெனியிலயே சில மெஷின்கள கோதுமை போட்டு ஓட்டிப் பாத்துத்தான் பெட்டியில வைப்பாக. கல்லு மெஷின் எதுவுமே உங்களுக்கு ஆகாது. கழட்டிக் கழுவுற மெஷின்தான் வேணும். அதத்தானே மொதல்ல காட்டுனேன்?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

“இப்ப இத என்ன பாய் செய்றது? ஒரு கைப்பிடி ஓட்டிட்டோமே” என்றேன்.

“எங்க அக்கா வீட்டுல தெனமும் சப்பாத்திதான். கல்லு மெஷின் வேணும்னு ரெண்டு மாசமா என் உயிர எடுக்குறாக. அவுகளுக்கு அனுப்பிருவோம். உங்களுக்கு இந்த எவர்சில்வர்.”

முந்தானையால் அந்த மெஷினின் குங்குமத்தைத் துடைக்கப் போனேன். “இருங்கக்கா” என்று தடுத்தார் பாய். “மல்லிகைப் பூவ மட்டும் எடுத்துக்கங்க. மத்தத அக்கா வீட்டுல துடைச்சுக்குவாக. உங்க வீட்டுல ஒரு நாளு மரியாதையா இருந்துருக்கு, அது நல்லா ஓடும்.”

புது மெஷினைப் பதினொரு மணிக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அன்றைக்கு மருமகள் லீவு போட்டிருந்தாள். வீட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்தார். பிளேடு, சல்லடைத் தகடு, டிராயர், வாய் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்க, நானும் மருமகளும் மொட்டை மாடியில் புதுச் சோப்பு, புது நாரு வைத்துத் தேய்த்தோம். மூன்று தண்ணீர் மாற்றினோம். ஆடி வெயில் உச்சியில் நின்றது. கழுவியதை எல்லாம் புது வேட்டி விரித்துக் காயவைத்தோம். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அம்மா எட்டிப் பார்த்து, “என்னக்கா, புது மெஷினயே வடகம் மாதிரி காயப் போட்டிருக்கீக?” என்று கேட்டார். மருமகள் சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்துகொண்டாள்.

அரிசியை முந்தின நாளே கழுவிக் காயவைத்திருந்தேன். கடித்தால் மடக்கென்று ஒடிகிற பதம். நாலு மணிக்கு வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பூட்டினார். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். மருமகள் என் கையைப் பிடித்தாள்.

“அத்தை, இந்தத் தடவை பூசை நான் போடுறேன். நீங்க சூடம் மட்டும் காட்டுங்க.”

“தாராளமாப் போடுத்தா. நான் இன்னும் மூணடி தள்ளியே நிக்கிறேன்” என்றேன்.

அவள் மெஷினுக்கு ஒரே ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். முதல் கைப்பிடி அரிசியைக் கண்ணில் ஒற்றிப் போட்டாள். சத்தம் முதலில் கரகரவென்று கேட்டது. அரிசி உள்ளே இறங்க இறங்க மழை பெய்கிற மாதிரி ஆனது. டிராயரை இழுத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. கையை விட்டேன். வெதுவெதுப்பாக, கைக்குள் நிற்காமல் நழுவியது. அரிசி மாவுக்கு இப்படி ஒரு வாசம் உண்டு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மருமகள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்கப் போனாள். “ஏய், சாமிக்கு முன்னாலயா?” என்று கத்தினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு மாவை டிராயரிலேயே உதறினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நாலு பேரும் கீழக்குயில்குடி போனோம். பிள்ளையே மாவைப் பிசைந்தாள். வெல்லப் பாகு, ஏலக்காய், நெய் விட்டு ஏழு உருண்டை. ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டை விரலால் குழி வைத்து, நெய் ஊற்றித் திரி போட்டாள். தட்டைத் தலைக்கு மேலே தூக்கி மூன்று சுற்று வந்தாள். காற்றடித்தும் ஒரு திரி அணையவில்லை. நான் பின்னாலேயே குலவை போட்டுக்கொண்டு போனேன். கொழுந்தன் பெண்டாட்டிகளும் சேர்ந்துகொண்டார்கள். மலைப்பக்கம் வரைக்கும் சத்தம் போயிருக்கும்.

திரி எரிந்து அடங்கியதும் பூசாரி கருகின நுனியை எடுத்துவிட்டு, நெய் ஊறின மாவில் ஒரு பெரிய விள்ளலை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றினாள். பக்கத்தில் நின்ற என் மகன், சாமியைப் பார்த்தபடியே தன் கையை அவள் பக்கம் நீட்டினான். எந்தக் கோயிலிலும் அவள் வாங்குகிற பிரசாதம் கடைசியில் அவன் கைக்குத்தான் போகும். அந்தப் பழக்கம்.

“எதுக்குக் கைய நீட்டுறீங்க? இது எனக்கு” என்றாள் மருமகள்.

சொல்லிவிட்டு முழு விள்ளலையும் வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டன. மெல்லும்போதே கண்ணில் நீர் வடிந்தது. நான் அம்மனைப் பார்த்தேன். “ஆத்தா, ஆத்தா” என்று மட்டும் சொன்னேன்.

“நல்லா இருக்கா தாயி?” என்றேன் அவளிடம்.

வாய் நிறைய மாவோடு தலையை ஆட்டினாள். விழுங்கி முடித்ததும் கையை மறுபடி நீட்டி, “அத்தை, இன்னொண்ணு” என்றாள்.

இரண்டாவது விளக்கில் பாதியையும் அவளே தின்றாள். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க, என் மகன் மட்டும் நீட்டின கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தான். கடைசியில் விரலில் ஒட்டியிருந்ததை அவன் உள்ளங்கையில் வழித்து வைத்தாள்.